மேடைமேல் நிற்கும் கார் யாருடையது?



சென்ற மாதம் வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் நகரத்துக் கேசினோ ஒன்றின் படம் அது. கேசினோ என்றால் சூதாட்ட மாளிகை. மண்டபத்தின் நடுவில் ஒரு மேடை. மேடைமேல் பளபளவென்று புத்தம் புதிய கார். அதைச் சுற்றிலும் வட்டமாக ஸ்லாட் இயந்திரங்கள். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் உருளைகள் சுழன்று நிற்கும். குறிப்பிட்ட படங்கள் ஒரே கோட்டில் வந்தால் பரிசு.

"சார், மூன்று உருளைகள். ஒவ்வொன்றிலும் இருபது படங்கள். அவற்றில் ஒன்று கார்ப் படம். மூன்று உருளைகளிலும் கார்ப் படம் நேர்கோட்டில் நின்றால் அந்தக் கார் நமக்கே! இருபதை மூன்று முறை பெருக்கினால் எட்டாயிரம். ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்றால், எட்டாயிரம் டாலருக்கு முப்பதாயிரம் டாலர் கார் வந்துவிடுமே. லாபம்தானே?" என்றான்.

"பெருக்கல் சரிதான் தம்பி. ஆனால் நீ சொல்வது உண்மையானால், அந்த மாளிகையை ஒரே மாதத்தில் இழுத்து மூடியிருப்பார்களே!" என்றேன். அவன் யோசனையில் ஆழ்ந்தான். நீங்களும் என்னோடு சேர்ந்து சற்றே யோசியுங்கள்.

விலையே விடை சொல்லும்

இப்போது மாளிகை நடத்துபவரின் பக்கம் நின்று பார்ப்போம். சராசரியாக 8,000 ஆட்டங்களுக்கு ஒரு கார் கொடுக்க வேண்டும் என்றால், 8,000 டாலர் வசூலித்து 30,000 டாலர் பொருளைக் கொடுக்கிறார் என்று பொருள். ஒரு டாலரை வாங்கிக்கொண்டு 3 டாலர் 75 சென்ட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு இது சமம். அப்படிச் செய்தால் சூதாட்ட மாளிகை அன்னச் சத்திரம் ஆகிவிடும்! நெவாடாவில் 1931-ல் சூதாட்டம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. அதன்பின் அங்கே எழுந்தவை மாட மாளிகைகளே அன்றி, சத்திரங்கள் அல்ல.

ஆகவே, இயந்திரத்தைத் திறந்து பார்க்காமலேயே நாம் ஒரு முடிவுக்கு வரலாம். ஒரு டாலர் ஆட்டத்துக்கு 30,000 டாலர் கார் பரிசு என்றால், அது கிடைக்கும் வாய்ப்பு 30,000-இல் ஒன்றைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். இடையிடையே சிறு பரிசுகளும் கொடுக்கிறார்கள் என்பதால் அது மேலும் குறைவாக இருக்கும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவதோ 8,000-இல் ஒன்று. கண் ஏமாந்தது எப்படி?

கண்ணுக்குத் தெரியாத உருளை

இந்த இயந்திரத்தின் மூதாதை 'லிபர்ட்டி பெல்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் அதைச் செய்தார். மூன்று உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிறுத்தங்கள். ஆக 1,000 சேர்க்கைகள். மிகப் பெரிய பரிசே 50 சென்ட்தான்! சேர்க்கைகள் குறைவாக இருக்கும்போது பெரிய பரிசு கொடுத்தால் கட்டுப்படியாகாது அல்லவா?

பின்வந்த இயந்திரங்களில் ஓர் உருளைக்கு 22 நிறுத்தங்கள் இருந்தன. அதாவது 10,648 சேர்க்கைகள். இதைக்கொண்டும் கார் கொடுக்க முடியாது. உருளையை இன்னும் பெரிதாக்கலாம்; உருளைகளின் எண்ணிக்கையையும் கூட்டலாம். ஆனால் நூறு படங்கள் கொண்ட உருளையைக் கண்டால் ஆடுபவர் தயங்குவார்.

இந்தச் சிக்கலை டெல்நேஸ் என்பவர் தீர்த்துவைத்தார். 1984-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய முறையில் உருளை எங்கே நிற்கவேண்டும் என்பதை உருளை தீர்மானிப்பதில்லை. உள்ளே உள்ள மின்னணுச் சுற்று ஓயாமல் எண்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் வந்த எண்தான் முடிவு. அதன் பிறகு உருளை சுழல்வதெல்லாம் வெறும் வேடிக்கை!

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 22 நிறுத்தங்கள் உள்ள உருளைக்கு 64 எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். காரை ஒட்டிய வெற்றிடம் ஒன்றுக்கு ஆறு எண்கள், சாதாரணப் படத்துக்கு இரண்டு எண்கள், காருக்கு ஒரே ஓர் எண் என்று வைத்துவிட்டால் போதும். கண்ணுக்குத் தெரிவது 22. உண்மையில் வேலை செய்வது 64. மூன்று உருளைகளுக்கும் சேர்த்து 64 × 64 × 64 = 2,62,144. கார் கிடைக்கும் வாய்ப்பு இத்தனையில் ஒன்று!

காரை வாங்கியது யார்?

இனி கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு ஒரு டாலர். கார் 30,000 டாலர். சிறு பரிசுகளாக ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக 80 சென்ட் திரும்பி வருகிறது. வாய்ப்பு நாம் கண்ட 2,62,144-இல் ஒன்று.

அத்தனை ஆட்டங்களும் ஆடி முடியும்போது ஆடியவர்கள் போட்டது 2,62,144 டாலர். சிறு பரிசுகளாக 80 விழுக்காடு திரும்பிவிட்டது. மீதி ஏறத்தாழ 52,400 டாலர். அதிலிருந்து 30,000 டாலருக்குக் கார் வாங்கிக் கொடுத்த பின்னும் மாளிகையின் பெட்டியில் 22,400 டாலர் இருக்கும். அப்படியானால் மேடைமேல் நிற்கும் காரை மாளிகையா பரிசளிக்கிறது? இல்லை. சுற்றி உட்கார்ந்து ஆடியவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருவருக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். தரகுக் கூலி மாளிகைக்கு!

இதில் களவு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெவாடா விதிப்படி இயந்திரம் சராசரியாகக் குறைந்தது 75 விழுக்காட்டைத் திருப்பித் தரவேண்டும். நாம் வைத்துக்கொண்ட இயந்திரம் காரையும் சேர்த்து 91 விழுக்காட்டுக்கு மேல் தருகிறது. சட்டப்படி அது நல்ல பிள்ளை!

அணுவுக்கு நினைவு இல்லை

"சரி, பொறுமையாக ஆடிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் வராமலா போகும்?" என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் ஆசிரியனான எனக்கு இங்கே கதிரியக்கம் நினைவுக்கு வருகிறது.

ரேடியம்-226 அணுவின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஐயாயிரம் ஆண்டுகளாகச் சிதையாமல் இருக்கும் ரேடியம் அணு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'இவ்வளவு நாள் காத்திருந்தோமே, இனிச் சிதைந்துவிடுவோம்' என்று அது நினைப்பதில்லை. நாளை அது சிதையும் வாய்ப்பு, முதல் நாளில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவேதான். ஸ்லாட் இயந்திரமும் அப்படியே. முந்தைய ஆயிரம் ஆட்டங்களில் நீங்கள் தோற்றது அதற்குத் தெரியாது. 1913 ஆகஸ்டு 18 அன்று மொனாக்கோ நாட்டின் மான்டி கார்லோ சூதாட்ட மாளிகையில், ரூலெட் சக்கரத்தில் பந்து தொடர்ந்து 26 முறை கறுப்புக் கட்டத்தில் விழுந்தது. 'அடுத்தது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்று ஒவ்வொரு முறையும் சிவப்பில் பணம் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள்.

வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று என்றால், 2,62,144 முறை ஆடினால் கார் நிச்சயம் என்று பொருளல்ல. ஒரு முறையேனும் வெல்லும் வாய்ப்பு சுமார் 63 விழுக்காடுதான். மீதி 37 விழுக்காட்டில் வெறுங்கை! கதிரியக்கத்தில் சராசரி ஆயுட்காலம் கழிந்தபின் சிதையாமல் மிஞ்சும் அணுக்களும் இதே 37 விழுக்காடுதான். இரண்டுக்கும் கணிதம் ஒன்றே.

பாதிக்குப் பாதி வாய்ப்பை எட்டவே ஏறத்தாழ 1,81,700 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஆறு நொடிக்கு ஓர் ஆட்டம், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 38 நாள். கார் கிடைக்காமல் அதுவரை ஆடியவரின் கையிலிருந்து, சிறு பரிசுகள் போக, 36,000 டாலருக்கு மேல் போயிருக்கும். அந்தப் பணத்தைக் கடையில் கொடுத்திருந்தால் காரை வாங்கிக்கொண்டு, பெட்ரோலும் நிரப்பிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாமே!

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று பகடைகளை ஒன்றாக எறியுங்கள். மூன்றிலும் ஆறு விழும் வாய்ப்பு 216-இல் ஒன்று. உங்கள் வகுப்பில் நாற்பது பேர் ஆளுக்கு 216 முறை எறிந்தால், சராசரியாக 25 பேர் அதைக் காண்பார்கள். 15 பேர் ஒருமுறைகூடக் காணமாட்டார்கள்.

மயிரிழையில் தவறியதா?

இவ்வளவு தெரிந்தும் மனிதர்கள் ஏன் எழுந்து போவதில்லை? 64 எண்களைப் பங்கிட்டதை மறுபடி நினைத்துப் பாருங்கள். கார்ப் படத்துக்கு ஓர் எண். அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு ஆறு ஆறாகப் பன்னிரண்டு எண்கள். வெற்றிடம் கோட்டில் நின்றால், கார்ப் படம் கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ எட்டிப் பார்க்கும். ஆக, கார் கோட்டில் நிற்பதைவிடப் பன்னிரண்டு மடங்கு அதிகமாகக் கோட்டை ஒட்டி நின்று ஆசை காட்டும். 'அடடா, மயிரிழையில் தவறிவிட்டதே!' என்று கை மறுபடி பொத்தானுக்குப் போகும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான வெற்றிக்குக் கிளர்ச்சி அடையும் மூளைப் பகுதிகளில் சில, இப்படி மயிரிழையில் தவறும்போதும் கிளர்ச்சி அடைவதைக் கண்டார்கள். தோல்வியை மூளை அரை வெற்றியாக எண்ணிவிடுகிறது.

இதைப் பார்க்க நான் லாஸ் வேகாஸ் போகவேண்டியிருக்கவில்லை. என் தாய்மாமன் கைத்தறி நெசவாளர். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் தடை வரும்வரை தெருவெல்லாம் பரிசுச் சீட்டு விற்ற காலம் அது. மாமா வாரம் ஒரு சீட்டு வாங்குவார். ஒருமுறை முதல் பரிசு எண்ணுக்கும் அவருடைய எண்ணுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும் ஒன்று வித்தியாசம். வீடே அன்று பரபரத்தது. அடுத்த வாரம் முதல் ஐந்து ஐந்தாகச் சீட்டு வாங்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இரண்டு தறிகளில் ஒன்றை விற்க நேர்ந்தது. அந்தப் பழைய சீட்டை மட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். நான் அப்போது உங்களைப்போல் பள்ளி மாணவன். பரிசு எண்ணுக்குப் பக்கத்து எண், தூரத்து எண் என்ற பேதமே கிடையாது, இரண்டும் ஒரே தோல்விதான் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் கருத்து

"இதுவும் ஒரு பொழுதுபோக்குதானே, சினிமாவுக்குப் பணம் கொடுப்பதில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சினிமா டிக்கெட்டில் விலை அச்சிட்டிருக்கிறது. நாம் கணக்கிட்ட இயந்திரத்தில் கார் கிடைக்காதவர் மணிக்கு 600 ஆட்டம் ஆடினால், சராசரியாக 120 டாலர் இழக்கிறார். அந்த விலையை இயந்திரத்தின் நெற்றியில் எழுதி வைத்திருக்கிறார்களா? காரை மேடையில் நிறுத்தி விளக்குப் போட்டுக் காட்டுபவர்கள், 2,62,144 என்ற எண்ணையும் அதே அளவு பெரிதாக எழுதிக் காட்டட்டும். விலை தெரிந்து ஆடுபவன் ஆடட்டும். விலையை மறைத்து விற்பதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

வெல்பவர்கள் இல்லாமல் இல்லை. லாஸ் வேகாஸில் 2003 மார்ச்சில் ஒருவருக்கு ஸ்லாட் இயந்திரத்தில் ஏறத்தாழ 4 கோடி டாலர் கிடைத்தது. உலகெங்கும் செய்தி வந்தது. நம் கார் இயந்திரத்தில் வென்ற ஓர் ஆட்டத்தின் படத்தை ஒரு நொடி காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கார் கிடைக்காத ஆட்டங்களையும் ஆளுக்கு ஒரு நொடி காட்டினால் எவ்வளவு நேரம் ஆகும்? இரவு பகலாக மூன்று நாள்! அந்த மூன்று நாள் படத்தை யாரும் நமக்குக் காட்டுவதில்லை. அதை நாமேதான் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இன்று அந்த மண்டபம் முழுவதும் கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிட்டது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் படாமல் நாளை வேறொரு பெயரில் ஒன்று வரலாம். அப்போது உங்களைக் காப்பது பத்தாம் வகுப்பில் நீங்கள் படிக்கும் நிகழ்தகவுப் பாடம்தான். மதிப்பெண்ணுக்காக அதைப் பகடையோடும் சீட்டுக்கட்டோடும் நிறுத்திவிடாதீர்கள். பரிசு என்று எவர் எதைக் காட்டினாலும், 'எத்தனையில் ஒன்று?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பரிசின் விலையை வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

படம் காட்டிய மாணவன் மறுநாள் ஒரு தாளுடன் வந்தான். 64-ஐ மூன்று முறை பெருக்கி, கீழே தன் ஆட்டக் கணக்கையும் போட்டிருந்தான். "சார், பேருந்தே நல்லது!" என்றான்.