எண்ண வேண்டியது மாத்திரைகளை மட்டுமா?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,



உயர் இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டு, 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. எனினும், பயன்பெற்றோர் எத்தனை பேர் என்பதே பெரிதும் பேசப்படுவதால், அவர்களுள் எத்தனை பேருக்கு அழுத்தம் குறைந்தது என்னும் கேள்வி பின்தங்கிவிடுகிறது.

திட்டத்திற்கு முன், 2020இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய் ஆய்வின்படி, வயதுவந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுக்குள், அதாவது மேலளவு 140க்கும் கீழளவு 90க்கும் குறைவாக, இருந்தவர்கள் 7.3 விழுக்காட்டினரே. பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டாத நோய் என்பதால், தலைச்சுற்றல் நின்றதும் 'பிரஷர் சரியாகிவிட்டது' என்று மாத்திரையை நிறுத்துவோர் பலர்.

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 ஊரகப் பகுதிகளில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், களப்பணியாளர்கள் வீடுதோறும் சென்று அளந்து, அறிவுரை கூறி, அளவு மிகுந்தோரைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அனுப்பியதால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பகுதிகளைவிட மேலளவு சராசரியாக 5 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் குறைந்தது.

மக்களைத் தேடி மருத்துவத்திற்காக மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் அந்த வலிமை உண்டு. அலமாரியில் பாதி தீராமல் கிடக்கும் மாத்திரை அட்டையும், பழைய சோற்றுக்குத் துணையாகும் ஊறுகாயும் கருவாடும் அவர்கள் கண்ணில்தான் படுகின்றன. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்னும் உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பை அந்த அடுக்களையில் வைத்தே அவர்களால் விளக்க முடியும்.

ஆகவே, ஒவ்வொரு வருகையிலும் நோயாளியை 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, இருமுறை அளந்து, அவரது பதிவு அட்டையில் குறிக்க அவர்களுக்கு நேரமும் அதற்கேற்ற ஊதியமும் வழங்குதல் வேண்டும். அளவு குறையாதபோது, நோயாளியை ஒரு நாள் கூலியை இழக்கவைக்காமல், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் தொலைபேசி வழியாகவே மருந்தை மாற்றியமைக்க வழி செய்தல் வேண்டும். பகலில் வீட்டில் இராத ஆண்களுக்காக முடிதிருத்தகத்திலும் சந்தையிலும் அளவீடு நடைபெறுதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, அழுத்தம் கட்டுக்குள் வந்தோரின் விழுக்காட்டைத் துணை சுகாதார நிலையம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிடத் தாங்கள் ஆணையிடுதல் வேண்டும். எந்த ஊரில் மருந்து சேர்ந்தும் நோய் அடங்கவில்லை என்பது அப்போதே தெரியவரும்.

இவண்,
பொதுச் சுகாதார ஆர்வலர்கள்