வட்டமடிப்பது தொடர்வண்டி ஆகாது



மாதிரித் தொடர்வண்டி என்றதும் நம்மில் பலருக்கு ஒரு காட்சிதான் நினைவுக்கு வரும். பச்சைத் துணி விரித்த மேசை, அட்டையில் செய்த மலை, அதைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டி. பார்ப்பவர் வியப்பர்; படம் எடுப்பர்; 5 நிமிடத்தில் அடுத்த மேசைக்குப் போய்விடுவர். நான் கேட்பது இதுதான்: அந்த வண்டி எங்கே போகிறது? எதை ஏற்றிச் செல்கிறது? யாருக்காக? இவற்றுக்கு விடை இல்லையென்றால் அது தொடர்வண்டி அன்று. சக்கரம் பூட்டிய அலங்காரப் பொருள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்காவின் பிராங்க் எல்லிசன் 1944-இலேயே ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழில் எழுதிய கட்டுரைத் தொடரில் மாதிரி இருப்புப்பாதையை நாடகத்திற்கு ஒப்பிட்டார். தளம் மேடை; வண்டிகள் நடிகர்கள்; இயக்கத் திட்டமே கதை. கதையே இல்லாமல் நடிகர்கள் மேடையைச் சுற்றி நடந்தால் அதற்கு நாடகம் என்றா பெயர்?

இந்தச் சிந்தனையில் வளர்ந்ததுதான் ‘இயக்க அமர்வு’. ஆர்வலர்கள் ஒரு வீட்டில் கூடி, அங்குள்ள மாதிரி இருப்புப்பாதையை உண்மையான தொடர்வண்டி நிறுவனம்போல் சில மணி நேரம் நடத்துவர். ஒருவர் பாதை முழுமைக்கும் கட்டுப்பாட்டாளர். ஒருவர் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டின் பொறுப்பாளர். மற்றவர்கள் வண்டிகளை ஓட்டுவர். ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. அட்டையின் பையில் ஒரு சரக்குச் சீட்டு இருக்கும். பெட்டி எங்கே போகவேண்டும், என்ன ஏற்றவேண்டும் என்பதைச் சீட்டு சொல்லும். ஒரே சீட்டில் நான்கு பயணங்கள் வரை எழுதியிருப்பர். ஒரு பயணம் முடிந்ததும் சீட்டைத் திருப்பிச் செருகினால் அடுத்த பயணம் தொடங்கும்.

கடிகாரமும் வேகமாக ஓடும். 1:87 அளவில் 1 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 11.5 மீட்டர். எந்த வீட்டு அறையிலும் பல கிலோமீட்டருக்கு இடமில்லை. தூரம் சுருங்கிவிட்டதால் காலத்தையும் சுருக்குகிறார்கள். நான்கு மடங்கு வேகத்தில் ஓடும் கடிகாரத்தில், 12 மணி நேரப் பணி 3 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இதைச் சொன்னால் பெற்றோரும் சக ஆசிரியர்களும் இரண்டு மறுப்புகளை எழுப்புகின்றனர்.

முதல் மறுப்பு: “விளையாட்டுக்கு எதற்கு இத்தனை விதி? பிள்ளையின் மகிழ்ச்சி கெடாதா?” ஐயா, விதியில்லாத கபடி வெறும் தள்ளுமுள்ளு. விதிதான் விளையாட்டையே உண்டாக்குகிறது. அதிலும் தொடர்வண்டியின் விதிகள் உயிர்காக்கப் பிறந்தவை. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக வந்ததே டோக்கன் முறை. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அந்தத் தடத்தில் நுழையக் கூடாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில், 2011 ஜூன் 30-இல் அவ்வழித்தடம் மூடப்படும் வரை டோக்கன் கைமாறியது. இதைக் கையில் வாங்கி விளையாடிய பிள்ளைக்குப் பொறுப்பு என்னும் சொல்லுக்கு நான் பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் மறுப்பு: “இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு. பள்ளியில் இடமேது?” இங்கிலாந்தின் ஆலன் ரைட் இதற்கு விடை தந்துவிட்டார். ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ என்னும் அவரது சிறு மாதிரியில் மூன்றே பக்கத் தடங்கள். ஒன்றில் 5 பெட்டிகள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. இருப்பவை 8 பெட்டிகள். சீட்டுக் குலுக்கி 5 பெட்டிகளை எடுத்து, வந்த அதே வரிசையில் வண்டியாக்க வேண்டும். 8×7×6×5×4, அதாவது 6,720 வரிசைகள் வரலாம்! ஆண்டு முழுதும் ஆடினாலும் தீராது.

எங்கள் பள்ளியில் மாலை வேளையில் ஒன்றரை மீட்டர்ப் பலகையில் இதைத்தான் நடத்துகிறேன். ஒரு மாணவர் சீட்டெடுப்பார். ஒருவர் எஞ்சினை ஓட்டுவார். ஒருவர் கையசைத்துச் சைகை தருவார். சைகை வராமல் எஞ்சின் நகரக் கூடாது. வகுப்பில் பிறர் பேசி முடிக்கும் முன்பே குறுக்கிடும் பிள்ளை, இங்கே நண்பனின் கை உயரும்வரை காத்திருக்கிறான்.

இனி, என் உண்மையான வழக்குக்கு வருகிறேன். நம் பள்ளிக் கண்காட்சிகளையும் போட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். மாதிரியைச் செய்வது பெரும்பாலும் யார்? தந்தை அறுக்கிறார், தாய் வண்ணம் பூசுகிறார், ஆசிரியர் விளக்கத்தை எழுதுகிறார். பிள்ளை பக்கத்தில் நின்று மனப்பாடமாக ஒப்பிக்கிறது. கண்காட்சி முடிந்ததும் மாதிரி அலமாரிக்குள் போய்த் தூசி படிகிறது. செய்து கற்கவேண்டிய பிள்ளைக்குக் காட்டிப் பெயர் வாங்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம். வட்டமடிக்கும் வண்டி இந்த நோயின் அடையாளம். அழகான மலையை நான் வெறுக்கவில்லை. மலை முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இயக்க அமர்வுக்கு மதிப்பெண் போடத் தொடங்கிவிடாதீர்கள். பெட்டி தவறான தடத்துக்குப் போனால் அதைத் திரும்ப எடுத்துவரும் வேலையே போதுமான பாடம். பிள்ளைகள் தாமே பேசி, தாமே திருத்திக்கொள்ளட்டும்.

பெற்றோரே, வண்டி வாங்கித் தருவதானால் இரண்டாவது எஞ்சினுக்கு முன் எட்டுப் பெட்டிகளையும் ஒரு கட்டு வெற்று அட்டைகளையும் வாங்குங்கள். அட்டையில் என்ன எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நடுவர்களே, அடுத்த கண்காட்சியில் ஒரு மாதிரியின் முன் நிற்கும்போது “இதை இயக்கும்போது உன் வேலை என்ன?” என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பின் தயங்காமல் எழுதுங்கள்.