மாடி போர்ஷனும் பத்து மாத அட்வான்சும்

அம்பத்தூரில் எனக்கு இரண்டு மாடி போர்ஷன்கள் உண்டு. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கட்டியவை. மாதாமாதம் வாடகை வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தவர் பிளம்பர். குளியலறைக் கசிவு கீழ்வீட்டுச் சுவரில் ஓதமாக இறங்கியிருந்தது. "டைல்ஸைப் பேக்கணும் சார்" என்றார் கொத்தனார். நான்கு மாத வாடகை அதிலேயே போனது. அன்றிலிருந்து வருஷத்துக்குப் பத்து மாத வாடகைதான் என் கணக்கு. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், இன்னொரு மாதத்து வாடகையை ரிப்பேர் தின்னும்.

சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். அதையும் செலவழித்துவிட்டேன். குடித்தனக்காரர் காலிசெய்த அன்று மைத்துனரிடம் கைமாற்று வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் கூசுகிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம். எனக்கு அந்த மூன்று மாதமே போதும். அதுவும் தனிக் கணக்கில் தூங்குகிறது.

"11 மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவே வேண்டாம்" என்று புரோக்கர்கள் இன்னும் ஓதுகிறார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தில் அப்படி விலக்கு இல்லை. எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வாடகை பாக்கி என்றால் ஃப்யூஸைப் பிடுங்கச் சொல்லும் நண்பர்களும் உண்டு. மின்சாரம், தண்ணீரை நிறுத்துவது சட்டப்படி கூடாது என்பது ஒருபுறம். என்னிடம் பாக்கி வைத்திருந்தவர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தது.