தம்பிப் பாப்பாவும் வரட்டும், அம்மாவும் வரட்டும்!

"குழந்தை கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்." நடை பழகும் குழந்தை உள்ள வீடுகளில் வெளியூர்ப் பயணம் என்ற பேச்சு எழுந்தவுடன் கிடைக்கும் பதில் இதுதான். குழந்தை வளர்ந்தபின் பள்ளிச் சேர்க்கை வரும். பிறகு அண்ணனுக்கோ அக்காளுக்கோ பொதுத் தேர்வு வரும். அதன் பின்னே வீட்டுக் கடன் வரும், கல்யாணச் செலவு வரும். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று கரையிலே காத்திருந்தவன் கதைதான் இது.

சென்ற மாதம் மதிய உணவு வேளையில் வகுப்புத் தோழியராகிய நாங்கள் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். "உங்கள் அம்மா கடைசியாக எப்போது வெளியூர் போனார்கள்?" என்பதே அக்கேள்வி. பெரும்பாலோர் சொன்ன விடை ஒன்றுபோலவே இருந்தது: கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, துக்க வீட்டுக்கு. அங்கெல்லாம் அம்மாவுக்குக் காய் நறுக்கும் வேலையும் பந்தி கவனிக்கும் வேலையும் காத்துக்கொண்டிருக்கும். ஒரு வேலையும் இல்லாமல், ஆற்றைப் பார்ப்பதற்காகவோ கோயிலைப் பார்ப்பதற்காகவோ அம்மா போய்வந்த வீடு எங்கள் வகுப்பில் மிகச் சிலவே. இன்னொன்றும் தெரிந்தது. சிறு குழந்தை உள்ள வீட்டில் அம்மா தங்கிவிட்டால், துணைக்கென்று மூத்த பெண்ணும் தங்கிவிடுகிறாள். மூத்த பையன் தங்குவதில்லை.

எனவே எங்கள் கருத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். சனி, ஞாயிறு இரண்டு நாள் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஒரு சிறு பயணம் போய்வருவது ஆடம்பரம் அன்று; வீட்டுக்குத் தேவையான ஒன்று. அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. கைக்குழந்தை அதற்குத் தடையுமில்லை. ஆனால் புறப்படும் முன்பே வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில் பெற்றோர் முதலில் நினைப்பது அதைத்தான், அதில் தவறுமில்லை. இன்று ஒரு வாரம் மலைவாசம் போய்வந்து ஓராண்டு தவணை கட்டும் குடும்பங்களை நாம் காண்கிறோம். அப்படிப் போகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியோர். அளந்தே போடுவோம்.

எங்கள் திருச்சியையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் தஞ்சை இருக்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் கல்லணை இருக்கிறது. ஒரு குடும்பத்தில் அப்பா, அம்மா, அண்ணன், பத்தாம் வகுப்புப் பெண், இரண்டு வயதுத் தம்பி ஆக ஐவர் என்று வைத்துக்கொள்வோம். இரயிலில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காதவரை டிக்கெட் வேண்டியதில்லை. முன்பதிவு இல்லாத சாதாரணப் பெட்டியில் நால்வர் தஞ்சைக்குப் போகும் செலவு, வாடகைக் காருக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பங்குதான். தமிழக அரசுப் பேருந்துகளில் முன்பு 3 வயது வரைதான் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. 2022-ஆம் ஆண்டில் அதை 5 வயது வரை உயர்த்துவதாக அறிவித்தார்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணம் இல்லை என்ற திட்டம் 2021 மே மாதத்தில் தொடங்கியது. ஆகவே அத்தகைய பேருந்து கிடைக்கும் இடங்களில் அப்பாவும் அண்ணனும் மட்டுமே டிக்கெட் வாங்கினால் போதும்! குழந்தை இருப்பதால் செலவு ஏறிவிடும் என்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் பணம் எங்கே கரைகிறது? எங்கள் கணக்கில் நான்கு ஓட்டைகள் தெரிகின்றன. ஒன்று, தங்கும் விடுதி. இரண்டு, மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு. மூன்று, கண்ட இடத்தில் ஆட்டோவும் காரும். நான்கு, குழந்தை அழுதால் அதன் வாயை அடைக்க வாங்கும் பலூன், பொம்மை, ஐஸ்கிரீம். இவற்றை முழுவதும் அடைக்க முடியாது. ஆனால் பாதி அடைத்தாலே பயணம் கைக்குள் வந்துவிடும்.

தஞ்சையிலோ அதைச் சுற்றியோ அத்தை, சித்தி, பெரியப்பா என்று உறவினர் இல்லாத திருச்சிக் குடும்பம் குறைவு. ஓர் இரவு அவர்கள் வீட்டில் தங்கலாம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகவேண்டும். வெறுங்கையோடும் போகக்கூடாது, விருந்து எதிர்பார்த்தும் போகக்கூடாது. இல்லாவிட்டால் நம் அம்மாவின் ஓய்வுக்காக அவர்கள் வீட்டு அம்மா அடுப்படியில் நிற்பார்கள். அது எந்த ஊர் நியாயம்? இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டியதை நாமே வாங்கிக்கொண்டு போய், நாங்களும் அண்ணனும் பாத்திரம் துலக்கிக் கொடுத்தால், அடுத்த முறையும் மனமுவந்து அழைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு நம் பாட்டிமார் வழியே சிறந்த வழி. புளியோதரை ஒரு நாள் முழுவதும் தாங்கும். நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்லியும் அப்படியே. தயிர்ச் சாதத்துக்குப் பாலை மிகுதியாக ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் விட்டுக் கலந்தால் மதியம் வரை புளிக்காது. தம்பிப் பாப்பாவுக்குப் பொடி தடவாத இட்லி, வாழைப்பழம், வறுத்து அரைத்த கஞ்சி மாவு, ஒரு பிளாஸ்க் வெந்நீர் போதும். பருப்புச் சாதத்தைக் காலையில் பிசைந்து பிற்பகலில் ஊட்டுவது கூடாது. வெயில் நாளில் அது கெட்டுவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, மாற்றுத் துணி நான்கு, அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று ஆகியவை பையில் இருக்கவேண்டும். அந்தப் பழைய சேலையை இலேசாக எண்ண வேண்டாம். அது வெயிலுக்குக் குடை, தரைக்கு விரிப்பு, மரக்கிளை கிடைத்தால் தூளி!

இனி, "குழந்தையின் உடம்புக்கு ஆகாது" என்ற மறுப்புக்கு வருவோம். நாம் பெரியவர்களின் வேகத்தில் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினால் அதன் உடம்புக்கு ஆகாதுதான். காலையில் கோயில், பிறகு அரண்மனை, பிறகு நூலகம், மாலையில் பூங்கா என்று பட்டியல் போட்டு ஓடுகிறவர்கள், மாலையில் குழந்தை வீறிட்டு அழுதால் குழந்தையைத்தான் குறை சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் என்பதே எங்கள் திட்டம்.

சனிக்கிழமை தஞ்சைப் பெரிய கோயில். இராசராச சோழன் எழுப்பி 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற கோயில் அது. 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தை நாங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். அதன் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது வேறு. ஆனால் நண்பகலில் அங்கே போகவேண்டாம். கல் பாவிய முற்றம் கொதிக்கும்; வெறுங்காலோடு நடக்கப் பெரியவர்களே தவிக்கையில் பிஞ்சுப் பாதம் என்ன செய்யும்? பிற்பகலில் குழந்தையை வீட்டிலே நன்றாகத் தூங்கவைத்து, வெயில் தாழ்ந்தபின் போனால், நிழல் விழுந்த முற்றத்தில் அது ஆசைதீர ஓடலாம். எவ்வளவு பெரிய முற்றம்! வண்டி வருமோ என்ற அச்சமில்லை. பெரிய நந்தியைப் பார்த்து "அம்மா, மாடு!" என்று கூவும். அதன் சுற்றுலா அவ்வளவே. அதற்கு அதுவே நிறைவு. அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும் ஓடிப்போக மாட்டா. அவற்றை இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பேருந்தில் கல்லணை. வழியெல்லாம் வயலும் வாழையும் வாய்க்காலுமாக இருக்கும். சன்னல் ஓரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் கைபேசியில் பொம்மைப் படம் காட்ட வேண்டிய அவசியமே வராது. கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, ஏறத்தாழ 1080 அடி நீளத்தில் இன்றும் பயன்பட்டு வருகிறது. காவிரி, வெண்ணாறு, 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிந்துபோகும் காட்சியைப் பார்த்தால், தஞ்சைக்கு நெற்களஞ்சியம் என்ற பெயர் ஏன் வந்தது என்று ஆசிரியை சொல்லாமலே விளங்கும். மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் சூன் 12-ஆம் நாள் பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். அடுத்த சில நாட்களில் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரும். அதன்பின் போனால் கண்ணுக்கு விருந்து.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பார்ப்பதற்குத்தான் அந்தத் தண்ணீர். மதகுகளின் அருகே சுழலும் இழுப்பும் உண்டு. குழந்தையோடு போகிறவர்கள் ஆற்றில் இறங்கக்கூடாது. குழந்தையின் கை எப்போதும் ஒருவர் கையில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எல்லாரும் நினைக்கும் நேரத்தில்தான் குழந்தையை யாருமே பார்ப்பதில்லை. பூங்கா மரநிழலில் சேலையை விரித்து, கட்டுச்சோற்றைப் பிரித்து, குழந்தை அங்கேயே ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால், மாலையில் பேருந்து ஏறி விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வீடு வந்து சேரலாம்.

"இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது?" என்று கேட்பார்கள். இருக்காதுதான். நேற்று ஊட்டிய சோறு கூட அதற்கு நினைவில்லை. அதற்காக ஊட்டாமல் விடுகிறோமா? மேலும், நினைவு வைத்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில் நாங்கள் மேற்படிப்புக்கு விடுதிக்குப் போய்விடுவோம். அண்ணன்மார் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் நாட்களை இனி எண்ணிவிடலாம். குழந்தை வளரக் காத்திருந்தால், அது வளர்வதற்குள் நாங்கள் வளர்ந்துவிடுவோம்!

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமான செய்திக்கு வருகிறோம். அடுப்பங்கரையை மூட்டை கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் இறக்கிவைத்தால் அம்மாவுக்கு அது பயணமாகாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளியோதரை கிளறியவர் அம்மா, பையைக் கட்டியவர் அம்மா, குழந்தையைச் சுமந்தவர் அம்மா, திரும்பி வந்து துணி துவைத்தவரும் அம்மா என்றால், அந்த இரண்டு நாள் வீட்டிலிருந்ததே மேல் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பென்ன? ஆகவே புறப்படும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவிடுவோம். முதல் நாள் இரவே புளிக்காய்ச்சல் காய்ச்சுவதும் பை கட்டுவதும் எங்கள் பொறுப்பு. குழந்தையைத் தூக்குவது சனிக்கிழமை அப்பா, ஞாயிற்றுக்கிழமை அண்ணன். துணி மாற்றுவதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். கற்றுக்கொள்ள முடியாத வித்தையா அது? திரும்பி வந்தபின் துவைப்பதில் அனைவருக்கும் பங்கு. அம்மாவின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவேண்டாம். பையன்களை வீட்டுவேலைக்குப் பழக்குவதா என்று சில பாட்டிமார் முகம் சுளிக்கலாம். அவர்களையும் எங்களோடு அழைத்துக்கொண்டு போவோம். ஆற்றங்காற்று பட்டால் கோபம் தணிந்துவிடும்.

பொதுமக்களும் அதிகாரிகளும் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டில் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பூட்டிய அறையாலும் மூட்டை அடுக்கிய அறையாலும் யாருக்குப் பயன்? அந்த அறையும் கழிவறையும் திறந்தும் தூய்மையாகவும் இருந்தாலே கைக்குழந்தைக்காரிகள் பாதிப் பேர் துணிந்து புறப்படுவார்கள். பேருந்தில் குழந்தையோடு ஒரு தாய் ஏறினால் எழுந்து இடம் கொடுக்க நமக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

அன்புப் பெற்றோரே! எங்களுக்கு ஊட்டியும் வேண்டாம், கொடைக்கானலும் வேண்டாம். மாதத்துக்கொரு முறை கூட வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு சனி, ஒரு ஞாயிறு போதும். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டிலேயே ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கி, வாரம் ஒரு சிறு தொகையைச் சேர்த்துவாருங்கள். எங்கள் உண்டியலையும் உடைத்துத் தருகிறோம். தோழியரே! தம்பிப் பாப்பாவைத் தூக்க முதலில் நாம் கை நீட்டுவோம். அடுத்துத் தூக்க அண்ணனைக் கூப்பிடுவோம்.

புறப்படுவோமா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)