சேர்த்து வைக்கிறவர்களுக்கு

பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு குடும்பம் பிரிந்தால் முதலில் வருவது வக்கீல் இல்லை, பெரிய மனிதர்கள். (2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் இன்னும் மாறவில்லை.) மாமா, சித்தப்பா, கோயில் கமிட்டித் தலைவர், சில வீடுகளில் ஓய்வு பெற்ற மண்டோர். நாற்காலி போட்டு உட்காருவார்கள், தேநீர் வரும், "போனது போகட்டும், சேர்ந்து வாழுங்க" என்று தீர்ப்பு வரும். இதற்குப் பெயர் 'பேசி முடிக்கிறது'. முடிந்தது என்ன என்று பிறகு யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

என் பெரியம்மா மகளுக்கு இப்படி மூன்று தடவை பேசி முடித்திருக்கிறார்கள். பதினாறு மாதமாக அக்கா தாய் வீட்டில் இருக்கிறார். கணவர் சேர்ந்து வாழணும் என்கிறார், அக்கா முடியாது என்கிறார். போன கூட்டத்தில் ஓர் உறவினர் குரலை உயர்த்தி, "சட்டப்படி அவன் கூப்பிட்டா நீ போய்த்தான் ஆகணும், கோர்ட்டே உத்தரவு போடும்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். விதிமுறைப் புத்தகங்களைப் படிப்பது ஒரு பொறியாளனின் தினசரி வேலை. 164ஆம் சட்டத்தையும் அப்படியே படித்தேன்.

உறவினர் சொன்னது இந்தியச் சட்டம். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. தொலைக்காட்சி நாடகத்தில் பார்த்திருப்பார். அதற்கும் நம் பண்பாட்டுக்கும் சம்பந்தமில்லை, அது இங்கிலாந்தின் தேவாலய நீதிமன்றங்களிலிருந்து கப்பலேறி வந்தது. பதினோரு வயதில் மணம் செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய் கணவரோடு வாழ மறுத்தார். 1885இல் பம்பாயில் நீதிபதி பின்ஹே கணவரின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டுக்குப் பிறகு 1887இல் நீதிபதி ஃபாரன், கணவரிடம் போ, இல்லையென்றால் ஆறு மாதம் சிறை என்றார். ருக்மாபாய் சிறைக்கே போகிறேன் என்றார். மறு ஆண்டு இரண்டாயிரம் ரூபாயில் சமரசம் முடிந்தது. அவர் லண்டன் போய் டாக்டராகத் திரும்பினார். ஆங்கிலேயர் தங்கள் ஊரில் இந்தச் சட்டத்தை 1970இல் ஒழித்துவிட்டார்கள். இந்தியாவில் நடிகை சரிதாவின் வழக்கில் 1983இல் ஆந்திர உயர் நீதிமன்றம் 9ஆம் பிரிவு செல்லாது என்றது. 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அங்கேயும் இன்று போலீஸ் வந்து மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துப் போகாது. அப்படி ஓர் உத்தரவை மீறிய மனைவிக்கும், தக்க காரணம் இருந்தால் ஜீவனாம்சம் உண்டு என்று 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இங்கே நமக்குள்ள சட்டம் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பிரிந்து போனவரைத் திரும்பி வந்து வாழு என்று உத்தரவிடும் பிரிவே கிடையாது. ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை.

சேர்ந்து வாழ ஆசைப்படுகிறவருக்குச் சட்டம் தருவது ஒரு மேசை மட்டும். 106ஆம் பிரிவின்படி, இருவரும் சேர்ந்து சம்மதத்தோடு கேட்டாலொழிய, மணவிலக்கு மனுவுக்கு முன் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். நம்மில் பலருக்கு அது தேசியப் பதிவுத் துறையின் திருமணத் தீர்ப்பாயம். அங்கே வக்கீல் பேச முடியாது. ஆறு மாதத்துக்குள் குழு ஒரு முடிவுக்கு வர வேண்டும். சேரவில்லை என்றால் சான்றிதழ் தருவார்கள், அதோடு உயர் நீதிமன்றம் போகலாம். "அவன் வரவே மாட்டான், அதனால கேஸ் நகராது" என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். நேர் எதிர். அழைத்தும் வேண்டுமென்றே வராமல் இருந்தால், அந்தக் காரணமே மனைவிக்கு வழியைத் திறந்துவிடுகிறது.

என் கோபம் வேறு இடத்தில். அந்த விதிவிலக்குப் பட்டியலில் கைவிட்டு எங்கோ போனவர், வெளிநாட்டில் இருப்பவர், சிறையில் இருப்பவர், தீராத மனநோய் எல்லாம் இருக்கிறது. அடி இல்லை. அடி வாங்கியவள் 'சிறப்புச் சூழ்நிலை' என்று வாதாடித்தான் விலக்குப் பெற வேண்டும், இல்லையென்றால் அடித்தவனோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குப் பாதுகாப்பு உத்தரவு தருகிறது, 106ஆம் பிரிவு அவளைச் சமரசத்துக்குக் கூப்பிடுகிறது. இரண்டையும் எழுதியது ஒரே நாடாளுமன்றம்.

"ஒரு மாசம் போய் இருந்து பாரும்மா" என்று சுலபமாகச் சொல்லும் பெரியவர்கள் 54ஆம் பிரிவைக் கொஞ்சம் படிக்கட்டும். மணவாழ்வு முறிந்ததற்கான ஆதாரங்களில் ஒன்று, இரண்டு ஆண்டு தொடர்ந்து பிரிந்து வாழ்ந்தது. 'தொடர்ந்து' என்கிற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அக்காவுக்குப் பதினாறு மாதம் ஆகிவிட்டது. உங்கள் மனம் குளிர ஒரு மாதம் போய் இருந்துவிட்டு மறுபடி பெட்டியோடு வந்தால், கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று எதிர்த்தரப்பு சண்டை போடலாம். யோசனை சொன்னவர் அப்போது கோர்ட்டுக்கு வரமாட்டார்.

இன்னொன்றும் உண்டு, கூட்டத்தில் யாரும் வாய் திறக்காதது. தண்டனைச் சட்டம் 375ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி, சட்டப்படியான மனைவியிடம் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது. தனியாக வாழ்வதால் மட்டும் இது மாறாது. நீதிமன்றப் பிரிவு ஆணையோ, மணவிலக்கின் இடைக்கால ஆணையோ, அவரைத் தடுக்கும் தடை உத்தரவோ கையில் இருந்தால்தான் அவள் மனைவி இல்லை என்று கருதப்படுவாள். காயப்படுத்தியோ பயமுறுத்தியோ உறவு கொண்டால் 375ஏ பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, ஆனால் அது வேறு குற்றம், வேறு பெயர். ஆக, பதினாறு மாதம் தாய் வீட்டில் இருக்கும் ஒரு பெண் சட்டத்தின் கண்ணில் இன்னும் முழு மனைவிதான். "ஒரு ராத்திரி வந்து பேசிட்டுப் போகட்டுமே" என்று கதவைத் திறந்துவிடச் சொல்லும் சித்தப்பாவுக்கு இது தெரியுமா?

நீதிமன்றப் பிரிவு என்பது 64ஆம் பிரிவு. மணம் முறியாது, ஆனால் சேர்ந்து வாழ வேண்டிய கடமை போய்விடும். மணவிலக்குக்கு மணமாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும், இதற்கு அந்தத் தடை இல்லை. மனசு இன்னும் ஒரு முடிவுக்கு வராதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் இந்தப் பெயரை நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

தோட்டத்தில் இன்னொரு முடிச்சு. வீடு தோட்டத்துடையது, வேலை கணவர் பெயரில். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் முதல் செம்பனை வணிகப் பயிராக நட்ட காலத்திலிருந்து வீடும் வேலையும் ஒன்றாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. செக்ரோலில் பெயர் இல்லாதவள் வெளியே வந்தால் திரும்பிப் போக அவளுக்கென்று ஒரு கதவு இல்லை. "அவளாதான் வந்துட்டாளே" என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கே போவாள்?

சேர்ந்து வாழ விரும்பும் கணவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. விட்டுப் போன மனைவிக்காகக் காத்திருக்கும் ஆண்களும் எங்கள் தாமானில் இருக்கிறார்கள். அவர்கள் தீர்ப்பாயத்தில் பேசலாம், மனுவை எதிர்க்கலாம். சேர வாய்ப்பு உண்டு என்று நீதிபதிக்குத் தோன்றினால் 55ஆம் பிரிவின்படி வழக்கை ஒத்திவைக்கலாம். இதெல்லாம் கேட்பதற்கான உரிமை. இழுத்து வருவதற்கானது இல்லை.

கோயில் கமிட்டிக்கு ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் நாற்காலி போடும் முன் அந்தப் பெண்ணைத் தனியாக, ஒரு பெண்ணை விட்டு, "உனக்கு என்ன வேணும்" என்று கேளுங்கள். பிறகு அன்னதானம் கொடுத்தவர்கள் பட்டியல் ஒட்டும் பலகையில், அரசாங்கச் சட்ட உதவித் துறையின் தொலைபேசி எண்ணையும் ஒட்டுங்கள். இடம் இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.