மாகாண சபை இல்லாமல் என்ன குறைந்துவிட்டது?



மானிப்பாய்ச் சந்தியிலும் இங்கே முகநூலிலும் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறேன். "மாகாண சபை வெள்ளை யானை. அது இல்லாமல் என்ன குறைந்துவிட்டது? ஆளுநர் இருக்கிறார், செயலாளர்கள் இருக்கிறார்கள், வேலை நடக்குதுதானே." நல்ல மனிதர்கள் சொல்லும் பேச்சு இது. படித்தவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இதே பேச்சை இங்கிலாந்தில் முதலாம் சார்ள்ஸ் மன்னனின் ஆட்களும் பேசினார்கள். 1629இல் அவன் பாராளுமன்றத்தைக் கலைத்தான். 1640 வரை, பதினொரு வருடம், திரும்பக் கூட்டவில்லை. நாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. கடை திறந்தது, வயல் விளைந்தது, உத்தியோகத்தர் வேலைக்குப் போனார்கள். ஆனால் காசு வேண்டுமே? பாராளுமன்றம் இல்லாமல் புது வரி போட முடியாது. ஆகவே யுத்த காலத்தில் கரையோர ஊர்களிடம் வாங்கும் பழைய கப்பல் வரியைத் தூசு தட்டி எடுத்து, 1635இல் கடலையே காணாத உள்ளூர்களுக்கும் விரித்தான். ஜோன் ஹம்டன் என்ற ஒருவர் கட்ட மாட்டேன் என்றார். அவர் மறுத்த தொகை வெறும் 20 ஷில்லிங். வழக்குப் போனது. பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னன் பக்கம். ஹம்டன் தோற்றார். கட்ட வசதியில்லாமல் அவர் வழக்காடவில்லை. யாரைக் கேட்டு வாங்குகிறாய் என்பதுதான் அவர் கேள்வி. 1642 ஜனவரியில் படையோடு சபைக்குள் நுழைந்து மன்னன் பிடிக்கத் தேடிய ஐந்து உறுப்பினர்களில் ஹம்டனும் ஒருவர்.

இதை நாங்கள் வகுப்பில் படிப்பித்துவிட்டு, வெளியே வந்து "வேலை நடக்குதுதானே" என்கிறோம்.

2018 ஒக்டோபர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வாரம்தான் வட மாகாண சபையின் ஐந்து வருடம் முடிந்தது. அதே வாரம், 26ஆம் திகதி இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலைத் தூக்கிவிட்டு மஹிந்தவை நியமித்தார். நவம்பர் 9இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை வருடம் முடியுமுன் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தும் கலைத்தார். சம்பந்தன் ஐயா வழக்குப் போட்டார், முஸ்லிம் கட்சிகள் போட்டன, நம்மூர்ப் பேராசிரியர் ரட்ணஜீவன் ஹூல் தேர்தல் ஆணைக்குழு உறுப்பினராக இருந்துகொண்டே போட்டார். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: கலைத்தது செல்லாது. மன்னனுக்கு இருந்தது போன்ற கட்டற்ற அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஹம்டனுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கொழும்பில் கிடைத்தது.

கொழும்புச் சபைக்காக அத்தனை பேரும் நீதிமன்றம் ஓடினார்கள். அதே வாரம் முடிந்த எங்கள் சபை? ஏழு வருடம் தாண்டிவிட்டது. சார்ள்ஸின் பதினொரு வருடத்தை நோக்கிப் போகிறோம்.

இதில் மன்னனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதுதான் கசப்பு. மாகாண சபைத் தேர்தலை நிறுத்தியது பாராளுமன்றம். 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள், எங்கள் பிரதிநிதிகளும் கை உயர்த்தினார்கள். பிறகு எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் சபைக்கு வந்தது. 139 பேர் எதிர்த்தார்கள், ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று சட்டம் அந்தரத்தில் தொங்குகிறது. இங்கிலாந்திலும் மன்னனின் தலையை 1649இல் எடுத்தவர்களில் ஒருவரான குரொம்வெல்தான் 1653இல் சிப்பாய்களோடு வந்து பாராளுமன்றத்தைத் துரத்தினார். எங்களுக்கு ரணில். 2018இல் பாராளுமன்றம் காப்பாற்றிய மனிதர், ஜனாதிபதியானதும் 2023இல் உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்றார். எங்கள் பிரதேச சபை உட்பட ஏறக்குறைய எல்லாச் சபைகளும் 2025 மே தேர்தல் வரை உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது.

சரி, சபை இல்லாவிட்டால் என்ன குறையும்? என் சமூகத்துக்கு அது தெரியும். 2020 மார்ச் 2இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொரோனாவால் தேர்தல் தள்ளிப்போனது, பழைய சபையைக் கூட்டக் கோட்டாபய மறுத்தார். திறைசேரிப் பணம் சபை இல்லாமலே செலவானது. அந்த இடைவெளியில்தான், ஏப்ரல் 11இல், கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற வர்த்தமானி வந்தது. ஒரு உறுப்பினர் எழும்பி ஏன் என்று கேட்க ஒரு சபை இல்லை. பிறந்து இருபது நாளான குழந்தையின் ஜனாஸாவையும் எரித்தார்கள்.

சபை இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த ஒக்டோபரில் புதிய சபை இருந்தது. ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக்கொடுத்த 20ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் எம்பிமார் பலர் ஆதரவாக வாக்களித்தார்கள். கட்சித் தலைவர்கள் ஹக்கீமும் ரிஷாத்தும் எதிர்த்தார்கள், அவர்களின் ஆட்களோ மறுபக்கம். ஆனால் யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்று எங்களுக்குப் பெயர் பெயராகத் தெரியும். சபை இருந்ததால் தெரியும். வர்த்தமானியில் அப்படிப் பட்டியல் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். அதை எந்தச் சபை கூடி முடிவெடுத்தது? யார் எதிர்த்து வாக்களித்தார்? அப்படி ஒரு இடமே இருக்கவில்லை. கேட்கப்படாமல் ஆளப்படுவது கொழும்பிலிருந்து மட்டும் வருவதல்ல.

வட மாகாண சபை இருந்த ஐந்து வருடம் எனக்கும் பெருமையாக இல்லை. தீர்மானம் மேல் தீர்மானம், 2017இல் முதலமைச்சரை இறக்க ஒரு இழுபறி, நியதிச் சட்டங்கள் சொற்பம். ஆனால் சார்ள்ஸ் காலத்துப் பாராளுமன்றமும் ஞானிகளின் மடம் அல்ல, நிலச்சுவான்தார்களின் கூட்டம்தான். பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி, விவசாயம் என்று மாகாணத்துக்கு உரிய வேலைகளுக்கு இன்று பொறுப்பான ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் ஒரு ஆசிரியர் இடமாற்றம் பிழையென்றால் நான் யாருக்கு வாக்களிக்காமல் விடுவது?

பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் போதும், எல்லை நிர்ணயத்தைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். அடுத்த முறை எங்கள் எம்பிமார் திருவிழாவுக்கோ பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கோ வந்தால், பொன்னாடை போர்த்த முன் அந்தத் திருத்தத்துக்கு வாக்களிப்பீர்களா, எந்தத் திகதிக்குள் என்று கேளுங்கள். சொல்லும் பதிலை இங்கே கொமென்டில் பெயரோடு போடுங்கள்.