மலைமேல் தூண்டில்

ஏழு மீட்டர் தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாகமண் மொட்டைக்குன்றில் ஏறினால் யார் சும்மா விடுவார்கள்? "என்தா சேட்டா, மீன் பிடிக்கானோ?" என்றார் கட்டஞ்சாயா விற்பவர். "அதே, ஆகாசத்துநின்னு" என்று எனக்கு முன்னால் பதில் சொன்னவள் என் மனைவி.

பெரிய தவறில்லை. கம்பின் நுனியில் ஒரு வயரின் நடுவைக் கட்டி, இரு முனைகளையும் கூடாரக் கயிறுபோல் புல்தரைக்கு இழுத்துக் கட்டினால் அதுதான் ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் வயர், அலைநீளத்தில் பாதி. கூடவே புளியோதரைத் தூக்கு அளவுக்கு ஒரு பேட்டரி, அதைவிடச் சின்னதாய் ஒரு ரேடியோ. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் ஹாம் ரேடியோக்காரன் குடும்பத்தோடு சுற்றுலா போனால் கார் டிக்கியில் இவ்வளவும் வரும். சண்டையும் கொஞ்சம் வரும்.

கொச்சி இடப்பள்ளியில் வீடு இருக்கும்போது எதற்கு மலை? அங்கேதான் சிக்கல். எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்குப் பத்து எல்இடி பல்பு, ஒரு இன்வெர்ட்டர், நாலைந்து செல்போன் சார்ஜர். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை வெட்டி ஒட்டும் சுற்று ஒன்று இருக்கிறது. மலிவான சரக்கென்றால் அது கசியும். ரேடியோவைப் போட்டால் நாள் முழுக்க யாரோ கடுகு தாளிக்கிற சத்தம். அதற்கடியில் ஆள் பேசுவது எங்கே கேட்க? வாகமணில் அதே பெட்டியைத் திருகினால், பழுதாகிவிட்டதோ என்று பயப்படும் அளவுக்கு அமைதி. கேட்பதற்காகத்தான் வந்தேன் என்று விளக்கினேன். "வீட்ல நான் சொல்றது உங்க காதுல விழாததுக்கும் எல்இடி பல்புதான் காரணமா?" என்றாள்.

முதலில் 144 மெகாஹெர்ட்ஸ். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும்; பூமி வளைந்து மறைக்கும் இடத்தில் தீர்ந்துவிடும். மீட்டரில் உயரத்தை எடுத்து, வர்க்கமூலம் கண்டு, நாலால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். வாகமண் சுமார் 1,100 மீட்டர். 130 கிலோமீட்டருக்கு மேல் வரும். கொச்சி அதற்குள் அடக்கம். கைக்கு அடக்கமான ஐந்து வாட் செட்டில் கூப்பிட்டேன். காக்கநாட்டு நண்பர் மொட்டைமாடியிலிருந்து பக்கத்தில் நிற்பவர்போல் பதில் சொன்னார். பழைய ஜீரோ வாட் பல்பு இந்த ஐந்து வாட்டைவிட அதிகம் தின்னும். வாகமணில் தங்கள்மலை, முருகன்மலை, குரிசுமலை என்று மூன்று மதத்துக்கும் ஆளுக்கொரு குன்று உண்டு. உயரத்தில் நின்று கூப்பிட்டால் கேட்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இதையே போட்டியாக ஆடுகிறவர்களும் உண்டு. 2002இல் பிரிட்டனில் தொடங்கிய 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' திட்டத்தில், கருவிகளைச் சுமந்துகொண்டு மோட்டார் வண்டி இல்லாமல் உச்சிக்கு ஏற வேண்டும், ஜெனரேட்டர் ஆகாது, நாலு பேரிடமாவது பேசினால்தான் புள்ளி. மாமியாரை நடக்கவைத்துப் புள்ளி சேர்க்கும் தைரியம் எனக்கில்லை.

"மாப்பிள்ளை, இதுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?" என்றார் அவர். போனுக்கு எண் வேண்டும், அத்தை. இங்கே 'சிக்யூ, சிக்யூ' என்று பொதுவாகக் கூப்பிடுவோம். யார் வருவார் என்று தெரியாது. "தெரியாத ஆள்கிட்ட என்ன பேசுவீங்க?"

நல்ல கேள்வி. சர்வதேச வானொலி விதிகளின் பழைய வாசகம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். சோதனை பற்றிய தொழில்நுட்பப் பேச்சு தவிர, பொதுத் தொலைத்தொடர்புச் சேவையை நாடும் அளவுக்கு முக்கியமில்லாத சொந்த விஷயங்களை மட்டுமே ஹாம்கள் பேசலாம் என்றது அது. வியாபாரம் பேசினால் குற்றம்; வெட்டிப்பேச்சுக்குச் சட்டத்தின் ஆசி. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தும் அவர் குழுவும் போர்ட் பிளேருக்குப் போனதும் இந்த விளையாட்டுக்குத்தான். நெடுங்காலம் ஹாம்கள் பேசாத அந்தமானிலிருந்து உலகத்தைக் கூப்பிட்டுப் பேச. 26ஆம் தேதி சுனாமி வந்தது. அதே பெட்டிதான் தீவுகளின் சேதியைக் கரைக்குக் கொண்டுவந்தது. 2024இல் வயநாட்டு நிலச்சரிவின்போது கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் உட்கார்ந்ததும் இப்படி வெட்டியாய்ப் பேசிப் பழகிய பழக்கத்தில்தான்.

7 மெகாஹெர்ட்ஸில் மூன்றாவது முறை கூப்பிட்டபோது 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி கேட்டது. இலங்கை. ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், என் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். அத்தை புளியோதரைக் கரண்டியோடு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். உரிமம் இல்லாதவரிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டாரான்னு கேளுங்க."

கேட்டேன். "இன்னும் இல்லை, மனுசி இப்பதான் சமைக்கிறா."

"என்ன குழம்பாம்?"

மஞ்சு ஏறிவந்து தூண்டில் கம்பின் பாதி மறைந்துவிட்டது. அந்தக் குரலும் தேய்ந்து தேய்ந்து வந்தது. காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டேன்.

"மீன்" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.